செங்கல்பட்டுக் கோர்ட்டில் ஒரு புடவை

என் தம்பி பெண்டாட்டி கமலாட்சியைப் பற்றி எங்கள் தெருவில் ஆளுக்கு ஒன்று பேசுகிறார்கள். புருஷனைக் கோர்ட்டில் ஏற்றித் தலைகுனிய வைத்தவள் என்கிறது ஒரு கூட்டம். கெட்டிக்காரி, காரியத்தைச் சாதித்துவிட்டாள் என்கிறது இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டத்துக்கும் ஒரு மண்ணும் தெரியாது. அன்று அந்தக் கோர்ட்டில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் நான். வாயை மூடிக்கொண்டிருந்தது போதும், சொல்லிவிடுகிறேன்.

நான் இந்திராணி. தம்பி பரமசிவத்துக்கு மூத்தவள். புருஷன் போன பிறகு காஞ்சிபுரத்துக்கே, பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டேன். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரு வீட்டில் இருந்தால் அடுப்பு இரண்டாகும் என்று ஊரே காத்துக்கொண்டிருந்தது. ஆகவில்லை. காரணம் நான் இல்லை, என் வாய் எனக்கே தெரியும். கமலாட்சிதான். நான் பத்து பேசினால் அவள் "சரி அண்ணி" என்று ஒன்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். சண்டை போட எனக்குத்தான் ஆளில்லாமல் போனது.

எங்கள் வீட்டில் ஒரு தறி. தம்பி நெசவாளி. பட்டும், தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற பாவும், ஜரிகையும் புடவைக்கடைக் கலியாணசுந்தரம் முதலாளி கொடுப்பார். நெய்து கொடுத்தால் கூலி. நாங்கள் போடுவது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் நெய்யும்போதே கோர்த்துக்கொண்டு போக வேண்டும். அதற்கு ஓர் ஆள் போதாது. தறிக்குழியில் இறங்கி மிதியை மிதித்து நெய்கிறவர் ஒருவர். மேலே பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கு இழை ஓட்டுகிற கரை நாடாவைப் போடுகிறவர் ஒருவர். கரை நாடாவை யார் வேண்டுமானாலும் போடலாம், நான்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் குழியில் இறங்குவது எங்கள் வீட்டில் ஆம்பளைக்கு உரியது. பொம்பளைகள் நாடாவில் போடும் நூலைத் தார் சுற்றுவார்கள், இழை முடிவார்கள், கஞ்சி போடுவார்கள், ராப்பகலாக உழைப்பார்கள், குழியில் மட்டும் கால் வைக்கக் கூடாது. என் அப்பா காலத்திலிருந்து அப்படி. என்ன சட்டமோ!

கமலாட்சி பிறந்தது வாலாஜாபாத் பக்கம். அவள் அப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. மனிதர் வேறு வழியில்லாமல் மகளையே குழியில் இறக்கிக் கற்றுக்கொடுத்துவிட்டார். கல்யாணம் பேசும்போது அதை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் அம்மா வெற்றிலை பாக்கு மாற்றியிருக்க மாட்டாள். பன்னிரண்டு வருஷம் இந்த வீட்டில் அவள் தார் சுற்றினாள். இரண்டு பெண்களைப் பெற்றாள். குழியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அறுபத்தேழாம் வருஷம், எலெக்‌ஷன் முடிந்த கையோடு, தம்பிக்கு அடிபட்டது. வாலாஜாபாத்திலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். பின்னால் வந்த பஸ் ஒரு மாட்டுவண்டியை முந்தப் போய் இவனை இடித்துத் தள்ளியது. வலது கை மேல் சக்கரம் ஏறிவிட்டது. உயிர் பிழைத்தான். மூன்று விரல் போயிற்று. மிச்சம் இருந்த கட்டைவிரலும் சுண்டுவிரலும் பேருக்குத்தான். மணிக்கட்டு மடங்காது. நெசவுக்காரனுக்கு வலது கை போய்விட்டால் என்ன மிச்சம், சொல்லுங்கள்? ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்துவிட்டு வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்து நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

அவன் என்னடா என்றால் கையைப் பற்றிப் பேசவில்லை.

"பாவு தறியிலேயே கெடக்குதுக்கா" என்றான். போகும்போதெல்லாம் அதே பேச்சு. "இன்னும் ரெண்டு புடவை பாக்கி நிக்கிது. அறுத்துடாதீங்க."

ஏற்றிய பாவைப் பாதியில் அறுப்பது எங்கள் வீட்டில் கிடையாது. நெய்கிறவன் செத்தால்தான் அறுப்பார்கள். அவன் உயிரோடு இருக்கும்போது அறுத்தால் அவனுக்கே ஆகாது என்பார்கள். முதலாளி வீட்டு ஆள் இரண்டு தரம் வந்து, "அறுத்துக் குடுத்துடுங்கம்மா, வேற தறிக்குப் போடறோம்" என்று கேட்டுவிட்டுப் போனான். அவன் போனதும் கமலாட்சி கதவைச் சாத்தினாள்.

"அறுக்க வேணாம் அண்ணி. நான் எறங்கறேன்."

"எங்கடி எறங்கற?"

"குழியிலதான். எனக்குத் தெரியும் அண்ணி. எங்கப்பா சொல்லிக் குடுத்திருக்காரு. நீங்க கரை போடுங்க, போதும்."

எனக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டு வருஷம் என்னிடம் மூச்சு விடவில்லையே! அழுத்தக்காரி! ஆனால் புருஷன் உயிருக்கு ஆகாது என்று பயந்து கேட்கிறவளிடம் என்ன சண்டை போடுவது. போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, குழியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்கினாள். முதல் நாள் ஒரு சாண்கூட ஏறவில்லை. கோர்வை விட்டுவிட்டுப் போனது, பிரித்துப் பிரித்துப் போட்டாள். வாரம் போவதற்குள் கை வந்துவிட்டது. அப்புறம் என்னால்தான் அவளுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

தம்பி வீட்டுக்கு வந்தபோது முதல் புடவை முடிந்து இரண்டாவது பாதியில் இருந்தது. தறியைப் பார்த்தான். கமலாட்சியைப் பார்த்தான்.

"யாரு எறங்குனது?"

அவள் சமையற்கட்டுக்குப் போய்விட்டாள். நான் சொன்னேன். கட்டுப் போட்ட கையோடு குதிகுதியென்று குதித்தான். மானம் போச்சு, மரியாதை போச்சு, அப்பா இருந்திருந்தால் நாண்டுகொண்டு செத்திருப்பார் என்றான். கத்தி ஓய்ந்ததும் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் கோர்வையைத் தடவித் தடவிப் பார்த்தான். எங்கேயாவது ஒரு பிசகு அகப்படாதா என்று பார்த்தான் பாவம். அகப்படவில்லை. "இந்தப் பாவு முடியட்டும். அதுக்கு மேல குழியில கால வெச்சா நான் மனுசனா இருக்கமாட்டேன்" என்றான். அத்தோடு விட்டிருந்தால் தேவலை.

முதல் புடவையைக் கடையில் கொடுக்க நானும் அவனும் போனோம். கலியாணசுந்தரம் முதலாளி நல்ல மனிதர். புடவையை விரித்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கையி தேவலையாப்பா பரமசிவம்? முருகன் காப்பாத்திட்டான். முன்ன விட இல்ல நல்லா வந்திருக்குது?"

என் தம்பி என்ன சொல்ல வேண்டும்? இது நான் நெய்தது இல்லை என்று சொல்ல வேண்டும். துண்டுக்குள் கையை மூடிக்கொண்டு சிரித்தான். நான் வாயைத் திறக்கப் போனேன், என் காலை மிதித்தான். இரண்டாவது புடவைக்கும் அதே கதைதான். நாலு பேர் எதிரில் முதலாளி பாராட்டினார், இவன் வாங்கிக்கொண்டான். பாவு முடிந்தது. முதலாளி அடுத்த பாவு கொடுக்கிறேன் என்றபோது, "கொஞ்ச நாள் போவட்டும்" என்று தட்டிக் கழித்துவிட்டுத் தறியைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டான்.

இதற்கு நடுவில்தான் கேஸ். எங்கள் ஊர் யேசுதாஸ் வக்கீல் தங்கமான மனிதர். பஸ்காரனும், பஸ்ஸை இன்ஷ்யூர் செய்திருந்த கம்பெனியும் நஷ்டஈடு தர வேண்டும் என்று செங்கல்பட்டுக் கோர்ட்டில் மனுப் போட்டார். டாக்டர் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு நூற்றுக்கு இத்தனை ஊனம் என்று எழுதிக் கொடுத்தார். கை என்ன பூசணிக்காயா, நூறு துண்டாக நறுக்கிக் கணக்குப் பார்க்க? ஆனால் கோர்ட்டுக்கு அப்படித்தான் சொல்ல வேண்டுமாம். "இனிமேல் இவரால் நெசவு செய்யவே முடியாது" என்று வக்கீல் மனுவில் எழுதியிருந்தார். அதுதான் கேஸுக்கே உயிர். அந்தப் பணம் வந்தால் தெருமுனையில் நூல் கடையோ பலசரக்கோ வைத்துத் தம்பி உட்கார்ந்துகொள்ளலாம். வராவிட்டால், தறியும் கட்டிக் கிடக்கிறது, கையும் இல்லை. அந்த இரண்டு பெண்களுக்கும் எதைப் போடுவது?

அடுத்த சித்திரையில் ஒரு நாள் யேசுதாஸ் வக்கீலே வேர்த்து விறுவிறுத்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"இன்னா காரியம் பண்ணிட்டீங்க பரமசிவம்! அடிபட்டதுக்கு அப்புறம் ரெண்டு புடவை போட்டிருக்கீங்களாமே. கம்பெனி ஆளுங்க தெருவுல விசாரிச்சிருக்காங்க. கலியாணசுந்தரம் முதலாளியை சாட்சிக்குக் கூப்பிட்டிருக்காங்க. நெய்யவே முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டு என் மூஞ்சியில கரியைப் பூசிட்டீங்களே!"

தம்பி தரையைப் பார்த்தான். நான்தான் போட்டு உடைத்தேன். வக்கீலுக்குப் போன உயிர் வந்தது. "அட, இது போதுமே! இதையே கூண்டுல ஏறிச் சொல்லிடுங்க. உண்மையைச் சொன்னா ஜெயிச்சிடலாம்."

"வேணாம் சார். கேஸே வேணாம். ஊர்ல தலை நிமுந்து நடக்க முடியாது."

கேட்டேனே ஒரு கேள்வி! "ஏண்டா, புள்ளைங்க வயித்துல ஈரத்துணியைப் போட்டுட்டு நீ தலை நிமுந்து எங்கடா நடக்கப் போற?" வக்கீல் எதிரில் என்றுகூடப் பார்க்கவில்லை. அரை நாள் மல்லுக்கட்டிய பிறகு, சொல்கிறேன் என்று தலையாட்டினான். கமலாட்சி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

விசாரணை அன்று மூவரும் செங்கல்பட்டுக்குப் போனோம். கலியாணசுந்தரம் முதலாளியும் வந்திருந்தார், அவரோடு எங்கள் தெரு ஆட்கள் இரண்டு பேர். அவர்களைப் பார்த்ததுமே தம்பி முகம் மாறிவிட்டது.

கம்பெனி வக்கீல் மெட்ராஸ்காரர். பேச்சு வெண்ணெயாக இருந்தது. முதலாளியிடமிருந்து வாங்கி வந்த புடவையைத் தம்பி முன்னால் விரித்தார்.

"இது உங்க தறியில நெய்ததுதானே?"

"ஆமா."

"உங்க வீட்டுல நெசவாளி எத்தனை பேரு?"

"நான் ஒருத்தன்தான்."

"அப்போ இதை நெய்தது யாரு?"

தம்பி யேசுதாஸ் வக்கீலைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்க்கவில்லை. முதலாளி உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தான்.

"நான்தான்" என்றான்.

"எந்தக் கையால நெய்தீங்க?"

"ரெண்டு கையாலயும்."

பாவி! படுபாவி! எழுந்து போய் இரண்டு அறை விடலாமா என்று இருந்தது. கம்பெனி வக்கீல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். யேசுதாஸ் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்து முதலாளியைக் கூப்பிட்டார்கள். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. புடவை பரமசிவம் கொண்டுவந்து கொடுத்ததுதான், அவர் நெய்தது என்றுதான் நினைத்தேன் என்று சொல்லிவிட்டு இறங்கினார். அதோடு சாப்பாட்டுக்கு விட்டார்கள்.

வெளியே மரத்தடியில் கமலாட்சி தூக்குச்சட்டியைத் திறந்தாள். தம்பிக்கு இடது கையால் சாப்பிட இன்னும் சரியாக வராது. புளிச்சோற்றை உருட்டி உருட்டி அவன் கையில் வைத்தாள். திட்டவில்லை. நான் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன், அவள் காதில் வாங்கவில்லை. அவன் பாதி சாப்பிட்ட பிறகு வக்கீல் பக்கம் திரும்பினாள்.

"அய்யா, என்னைக் கூப்பிட முடியுமா?"

யேசுதாஸ் வக்கீல் நிமிர்ந்து பார்த்தார். தம்பி கையிலிருந்த உருண்டையைச் சட்டியிலேயே போட்டுவிட்டான்.

"நீ ஏறுனா நான் வூட்டுக்கு வரமாட்டேன்."

"வராம எங்க போவீங்க? சாப்புடுங்க" என்றாள், அடுத்த உருண்டையை வைத்துக்கொண்டே.

மத்தியானம் அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். புது இடம், புது மனிதர்கள். தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். புடவையைக் காட்டி யேசுதாஸ் வக்கீல் கேட்டார்.

"நான் நெய்ஞ்சதுங்க. எங்க அண்ணி கரை போட்டாங்க. அவுங்க அதோ ஒக்காந்துக்கினு இருக்காங்க" என்று என்னைக் காட்டினாள். சத்தமாகத்தான் சொன்னாள். தெரு ஆட்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பி தலையைத் தொங்கப் போட்டுவிட்டான்.

கம்பெனி வக்கீல் எழுந்தார்.

"ஏம்மா, காலையில உன் வீட்டுக்காரர் சத்தியம் பண்ணி, நான்தான் நெய்தேன்னு சொன்னாரே, கேட்டியா?"

"கேட்டேங்க."

"அப்போ அவர் பொய் சொன்னாரா? இல்லை, பணத்துக்காக நீ பொய் சொல்றியா? ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா."

புருஷனைப் பொய்யன் என்று நாலு பேர் எதிரில் எப்படிச் சொல்வாள்? சொல்லாவிட்டால் கேஸ் போயிற்று. ஜட்ஜும் பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தார். கமலாட்சி கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு பொய் சொல்லலீங்க. எங்க வூட்டுல நான் செய்யறதெல்லாம் அவரு பேர்லதாங்க போவும். நான் ஆக்குனா, பரமசிவம் வூட்டுச் சாப்பாடு. நான் பெத்தா, பரமசிவம் கொழந்தை. நான் தார் சுத்தி, கஞ்சி போட்டு, இழை முடிஞ்சு குடுத்த புடவை எல்லாம் அவரு நெய்ஞ்ச புடவை. பன்னெண்டு வருசப் பழக்கங்க. அந்தப் பழக்கத்துல வாயில வந்துடுச்சு."

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இத்தனை நாள் "சரி அண்ணி, சரி அண்ணி" என்று போனவள் மனசில் இவ்வளவு கிடந்திருக்கிறது. கம்பெனி வக்கீல் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார், வேறு எதுவும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார்.

ஜட்ஜ் தம்பியை மறுபடி கூப்பிடச் சொன்னார். "நீங்க இன்னா சொல்றீங்க?" என்று அவரே கேட்டார். தம்பி கூண்டைப் பிடித்துக்கொண்டு ஏறினான். கையை மூடியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டான்.

"அவ சொல்றதுதாங்க நெசம். இந்தக் கையி நாடாவைப் புடிச்சு ஒரு வருசத்துக்கு மேல ஆவுது. இனிமே புடிக்காதுங்க. காலையில சொன்னது தப்பு. மன்னிச்சுக்கங்க." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டான். கையைப் பார்த்து அவன் அழுதது அன்றுதான் முதல் தடவை.

கம்பெனி வக்கீல் விடவில்லை. மனைவிக்கு நெய்யத் தெரியும் என்றால் வீட்டு வருமானம் குறையவே இல்லையே, எதற்கு நஷ்டஈடு என்று இங்கிலீஷில் வாதாடினாராம். ஆடி மாதத்தில் தீர்ப்பு வந்தது. பெண்டாட்டியின் உழைப்பு பெண்டாட்டியுடையது, அதைக் காட்டிப் புருஷன் கைக்கான ஈட்டைக் குறைக்க முடியாது என்று ஜட்ஜ் எழுதியிருந்தாராம். யேசுதாஸ் வக்கீல் படித்துச் சொன்னார். காலையில் சொன்ன பொய்க்காகக் கண்டித்தும் எழுதியிருந்தார். கேட்டதில் முக்கால்வாசி கிடைத்தது. கடை வைத்தோம், அது ஓடுகிறது. இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த சங்கதிதான். ஊருக்குத் தெரியாதது, விசாரணை முடிந்த அன்று சாயங்காலம் பஸ்ஸில் நடந்தது.

திரும்பி வரும்போது தம்பி எங்களோடு உட்காரவில்லை. முன் சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டான். வாலாஜாபாத் தாண்டும் வரைக்கும் திரும்பியே பார்க்கவில்லை. கமலாட்சி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். ஜெயித்தோமா தோற்றோமா என்பதுகூட அவளுக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. இந்த மனுஷன் இனிமேல் முகம் கொடுத்துப் பேசுவானா என்பதுதான் அவளுக்குக் கவலை. எனக்கு அது தெரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

திடீரென்று தம்பி முன்னாலிருந்தே பேசினான், முகத்தைத் திருப்பாமல்.

"நாளைக்குக் கடைக்குப் போயி பாவு வாங்கினு வா."

கமலாட்சிக்குப் புரியவில்லை. "நானா?"

"பின்ன, நானா நெய்யப் போறேன்?"

"முதலாளி குடுப்பாரா? நீங்க அனுப்பிச்சீங்கன்னு சொல்லட்டுமா?"

"எம்பேரை எதுக்குச் சொல்ற?" என்று சிடுசிடுத்தான்.

போச்சுடா, மறுபடி ஆரம்பித்துவிட்டான் என்று நான் வரிந்துகட்டிக்கொண்டு எழுந்தேன். அதற்குள் அவனே பாதி திரும்பினான். கண் சிவந்து கிடந்தது.

"கமலாட்சி வந்திருக்கேன்னு சொல்லு. குடுப்பாரு."

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளை "இந்தா" என்றுதான் கூப்பிடுவான். அவன் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டது அன்றைக்குத்தான். அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, காஞ்சிபுரம் வரும் வரைக்கும் அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.